புரட்டிப் போட்ட மிஸி

மே 12 தாதியர் தினம். அதை ஒட்டி நர்ஸ்மாரைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி நர்ஸ்மாரைப் பற்றி, மீதிப் பாதி மாமியார்மாரைப் பற்றி. பிரித்து அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிரிக்க முடியவில்லை.

கே: வருடா வருடம் விளக்கேந்திய சீமாட்டி நைட்டிங்கேலைத்தான் எழுதுகிறீர்கள். உலகத்தில் வேறு நர்ஸே கிடையாதா?
– வாசகர், மொனராகலை

ப: உண்டு. இங்கிலாந்தில் டொரீன் நோர்ட்டன் என்று ஒருவர் இருந்தார். 1922இல் பிறந்தவர், 2007இல் மறைந்தார். அவர் கையில் விளக்கு இல்லை, பென்சிலும் கொப்பியும்தான். அந்தக் காலத்தில் முதியோர் வார்ட்டில் போட்டால் நர்ஸ்மாருக்கு அது தண்டனை இடமாற்றம் மாதிரி. கெட்டிக்காரிகள் ஒப்பரேஷன் தியேட்டர் பக்கம் போய்விடுவார்கள். நோர்ட்டன் எதிர்ப்பக்கம் நடந்தார். கிழவர்களும் கிழவிகளும் வரிசையாகக் கிடந்த வார்ட்டுக்குள் போய், யார் எவ்வளவு நேரம் எப்படிக் கிடக்கிறார் என்று எண்ண ஆரம்பித்தார். அந்த ஆராய்ச்சி 1962இல் புத்தகமாக வந்தது. எழுதியவர்கள் மூவர்: நோர்ட்டன், மக்லாரன், எக்ஸ்டன்-ஸ்மித். எக்ஸ்டன்-ஸ்மித் முதியோர் மருத்துவத்தில் பெரிய பெயர். ஆனால் அட்டையில் நர்ஸின் பெயர்தான் முதலில், டொக்டரின் பெயர் கடைசியில். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த வரிசை நடக்காது.

கே: அப்படி என்னத்தைக் கண்டுபிடித்துக் கிழித்தார்?
– இன்னொரு வாசகர், மொனராகலை (கையெழுத்தைப் பார்த்தால் முதலாமவரின் தம்பி)

ப: கிழியாமல் பார்த்துக்கொண்டார், தம்பி. தோல் கிழியாமல்.

படுக்கையில் விழுந்தவருக்கு முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் வருமே, படுக்கைப் புண், அதுதான் அவருடைய விஷயம். அது வராமலிருக்க வார்ட்டுக்கு வார்ட்டு ஒரு கைமருந்து இருந்தது. ஒரு மேட்ரன் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கச் சொல்வார், இன்னொருவர் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்வார், மூன்றாமவர் களிம்பு. அவரவர் மருந்தை அவரவர் வேதவாக்காக நம்பினார்கள். நோர்ட்டன் குழு இந்தப் பூச்சுகளை எல்லாம் வரிசையில் நிறுத்திச் சோதித்தது. எதைப் பூசினாலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிந்தது ஒன்றில்தான்: நேரம் பார்த்து ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பது.

காரணத்தைக் கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்பீர்கள். எலும்புக்கும் பாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதைக்கு இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடம் சாகும். மேலே ஆயிரம் ரூபாய் எண்ணெய் பூசினாலும் கீழே நசுங்கிய குழாய் திறக்காது. உடம்பைப் புரட்டினால் திறக்கும். புரட்சி என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருளை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

கே: மாமி ஆறு மாதமாகப் படுக்கை. தினமும் தேங்காய் எண்ணெய் போட்டு இடுப்பை அழுத்தித் தேய்க்கிறேன். ஆனாலும் சிவந்துவிட்டது. நல்லெண்ணெய்க்கு மாறட்டுமா?
– ஒரு மருமகள், லுணுகலை

ப: எண்ணெயை மாற்ற வேண்டாம், அம்மணி. பக்கத்தை மாற்றுங்கள்.

சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. ஏற்கெனவே நசுங்கிய சதையை இன்னும் நசுக்குகிற வேலை அது. எண்ணெய் தடவுவது தோல் வறளாமலிருக்க உதவும், மெதுவாகத் தடவினால் போதும். சிவப்பின்மேல் விரலை வைத்து அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள். மாமி கறுப்பு நிறமென்றால் சிவப்புத் தெரியாது. தொட்டுப் பாருங்கள்: சுற்றுத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கலாம்.

இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம். திருப்பும்போது பாயில் இழுக்காதீர்கள், இழுபட்டாலும் தோல் போய்விடும். விரிப்போடு தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் பழைய தலையணை. குதிகால் தரையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த சாக்கோ சேலையோ. வட்டமாகச் சுற்றிய துணிமேல் உட்காரவைக்காதீர்கள், வளையத்தின் விளிம்பு அழுத்தி அங்கே வேறு புண் வரும். ஈரத் துணியை உடனே மாற்றுங்கள். பருப்போ முட்டையோ தினமும் வயிற்றுக்குள் போகட்டும். புண் ஆறுவது வெறுஞ்சோற்றால் அல்ல.

இரவு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாமிக்கு ஒரு மகனும் இருப்பாரே?

கே: ‘இரண்டு மணிக்கு ஒருமுறை’ என்று சொல்வது சுகம். யார் ஞாபகம் வைத்திருப்பது?
– வாசகி, மடுல்சீமை

ப: தோட்டத்தில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? காலைப் பெரட்டுக்குச் செக்ரோல் இல்லாமல் ஒரு நாளாவது ஓடியிருக்கிறதா? யார் வந்தார், எந்த மலையில் கொழுந்து, எத்தனை கிலோ, அத்தனையும் கணக்கப்பிள்ளையின் கொப்பியில் இருக்கும். அதேபோல் ஒரு பழைய கொப்பியைச் சுவரில் தொங்கவிடுங்கள். நேரம், இடம், வலம், மல்லாக்க, யார் திருப்பினார். வீட்டில் நாலு பேர் இருந்து ‘நான்தான் திருப்பினேன்’ என்று நாலு பேரும் சொல்கிற வீடுகளுக்கு இது மிகவும் நல்லது. பெரட்டுக் கொப்பியில் புரட்டு எடுபடாது.

கே: யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஜாதகம் பார்த்தா?
– வாசகர், ஹாலிஎல

ப: நோர்ட்டன் எழுதிய ஜாதகத்தில் ஐந்தே கட்டங்கள். உடல்நிலை எப்படி, மனம் தெளிவா, நடமாட்டம் உண்டா, படுக்கையில் தானே அசைய முடிகிறதா, மலசலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 1 வரை புள்ளி. எல்லாம் நன்றாக இருந்தால் 20, எல்லாமே மோசமென்றால் 5. 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த ஆளுக்கு ஆபத்து, இன்றைக்கே திருப்பத் தொடங்கு. இயந்திரம் வேண்டாம், இரத்தப் பரிசோதனை வேண்டாம். கட்டில் பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்து, கூட்டத் தெரிந்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இந்தப் புள்ளிக் கணக்கு வருவதற்கு முன்னால் புண் வந்தால் ‘நர்ஸ் கவனிக்கவில்லை’ என்று ஏச்சு விழும். வராவிட்டால் ‘கிழவிக்கு நல்ல உடம்பு’ என்பார்கள். இரண்டிலும் நர்ஸ் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. புள்ளி போட்டவுடன் தெரிந்தது. ‘11 புள்ளியோடு வந்தவர், முழுத் தோலோடு வீட்டுக்குப் போனார்’ என்று ஒரு நர்ஸ் சொன்னால் எந்தப் பெரிய டொக்டரும் தலையாட்டத்தான் வேண்டும். பிறகு பிரேடன், வாட்டர்லோ என்று வேறு அளவுகோல்களும் வந்தன. அவற்றைச் செய்தவர்களும் நர்ஸ்மார்தான். ஆரம்பித்து வைத்தது நோர்ட்டனின் ஐந்து கட்டம்.

அப்புறம், இந்தப் பதிலை எழுதும்போது எனக்கே புள்ளி போட்டுப் பார்த்தேன். 19 வந்தது. எதில் ஒன்று குறைந்தது என்று கேட்காதீர்கள். மனைவி ‘மனம்’ என்கிறாள்.

கே: டொக்டர் பெரியவரா, நர்ஸ் பெரியவரா?
– மாணவன், பண்டாரவளை

ப: பகல் பத்து மணிக்கு டொக்டர். இரவு இரண்டு மணிக்கு மிஸி.

கே: வீட்டுக்கே நர்ஸ் வருகிற வழக்கம் எங்கே தொடங்கியது? பணக்கார வீட்டில்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பசறை

ப: சரியாகச் சொன்னீர்கள். பணக்கார வீட்டில் தொடங்கி லயத்துக்கு வந்தது. லிவர்பூலில் வில்லியம் ரத்போன் என்று ஒரு வணிகர். மனைவி நோயில் கிடந்தபோது மேரி ராபின்சன் என்ற நர்ஸை வீட்டில் வைத்துப் பார்த்தார். மனைவி இறந்தார். அந்தத் துக்கத்திலும் மனிதருக்கு ஒரு யோசனை: காசுள்ள என் வீட்டிலேயே நர்ஸ் வந்ததால்தான் இந்த அளவுக்கு ஆறுதல், காசில்லாத வீட்டில் என்ன பாடு? 1859இல் அதே மேரி ராபின்சனை மூன்று மாதச் சம்பளம் பேசி நகரத்தின் ஏழைத் தெருக்களுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அவர் அழுதுகொண்டு திரும்பி வந்தார், ‘இந்தத் துயரத்தைப் பார்க்க முடியவில்லை, என்னை விட்டுவிடுங்கள்’ என்று. ரத்போன் சமாதானம் சொல்லித் திரும்ப அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது ‘இதே வேலையைத் தொடர்கிறேன்’ என்று சொன்னவரும் அவர்தான்.

பிறகு அதே ரத்போன் செலவில், 1865இல், ஏழைகளை அடைத்து வைத்திருந்த லிவர்பூல் விடுதி ஆஸ்பத்திரிக்கு அக்னஸ் ஜோன்ஸ் என்ற நர்ஸ் பொறுப்பாளராகப் போனார். நைட்டிங்கேல் பள்ளியில் படித்த பன்னிரண்டு நர்ஸ்மார் கூடப் போனார்கள். அதுவரை அங்கே நோயாளிகளைப் பார்த்தவர்கள் அதே விடுதியில் கிடந்த, பயிற்சியே இல்லாத பெண்கள். மூன்றே வருடம். 1868இல் டைபஸ் காய்ச்சலில் அக்னஸ் ஜோன்ஸ் இறந்தார், வயது 35. விளக்கேந்திய சீமாட்டிக்குச் சிலை நிறைய. இவருடைய பெயரை நான் சொன்ன பிறகுதானே கேட்கிறீர்கள்?

கே: நம் தோட்டங்களில் அப்படி ஒரு நர்ஸ் இருக்கிறாரா, இல்லை இதுவும் வெள்ளைக்காரப் பெருமைதானா?
– வாசகர், நமுனுகுல

ப: கோபம் நியாயமானது. பதிலும் உங்கள் கண்முன்னால்தான் இருக்கிறது: மருத்துவிச்சி மிஸ்.

இலங்கையில் பிரசவத்தில் தாய் சாவது எப்படிக் குறைந்தது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி எழுதியிருக்கிறார்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, பயிற்சி பெற்ற மருத்துவமாது பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற ஏற்பாடு அதில் பெரிய பங்கு. தோட்டங்களுக்கு அது பிந்தித்தான் வந்தது. ஆனாலும் வந்தது. இன்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி கிளினிக் போகாமல் இரண்டு மாதம் ஒளிந்து பார்க்கட்டும். மூன்றாம் மாதம் மிஸ் குடையோடு தொங்கல் வீட்டு வாசலில் நிற்பார்.

இப்போது அதே லயத்தில் அடுத்த காம்பராவுக்கு வாருங்கள். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த ஒரு கிழவி இஸ்தோப்பில் சுருண்டு கிடக்கிறார். அவர் பெயர் எந்த மிஸ்ஸின் பதிவேட்டில் இருக்கிறது? நான் போய்ப் பார்த்த லயங்களில் ஒன்றிலும் இல்லை. பிறக்கப் போகிறவரைத் தேடி ஒருவர் மலை ஏறி வருகிறார். போகப் போகிறவர், தானாக நடந்து கிளினிக்குக்கு வரவேண்டும்.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி என்று வெள்ளைக்காரன் 1872இல் சட்டம் போட்டபோது அவன் கணக்கில் இருந்தது கூலிக்காரனின் உடம்பு. வேலை செய்கிற உடம்பு. அந்தக் கணக்கில் பிள்ளைப்பேறு ஒருவழியாகச் சேரும், நாளைய கைகள் அல்லவா. கிழவி எந்தப் பத்தியிலும் சேரமாட்டார். துரைமார் போய்விட்டார்கள். கணக்கு மட்டும் பல இடங்களில் இருக்கிறது.

கே: வீட்டுக்கு வந்து பார்ப்பதெல்லாம் நம் நாட்டுக்குக் கட்டுபடியாகுமா?
– கடை முதலாளி, வெல்லவாய

ப: நம்மைவிட வசதியான நாடுகளை விடுவோம், பக்கத்தில் பாருங்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சின்னதாகத் தொடங்கிய வலிநிவாரணப் பணி, ஊர்க்காரர் சில்லறை போட்டு நர்ஸை ஜீப்பில் அனுப்புகிற இயக்கமாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக எழுதியது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பிரஷர், சீனி மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும். படுக்கையில் கிடப்பவருக்கு நர்ஸும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள். பெயரைப் பாருங்கள், மக்கள் மருத்துவத்தைத் தேடிப் போவதல்ல.

மொனராகலை இலங்கையின் இரண்டாவது பெரிய மாவட்டம், 5,639 சதுர கிலோமீட்டர். பஸ் இல்லாத மூலையில் இருக்கிற முதியவரை கிளினிக்குக்கு அழைத்துவர ஒரு வீடே ஒரு நாள் பேர் போடாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நாள் கூலி எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாது. முதலாளி, உங்கள் கடைக்கடன் கொப்பியில்தான் ஏறும்.

கே: வெளிநாட்டில் வீட்டுக்கு வரும் நர்ஸ் முதலில் என்ன செய்வார்? பிரஷர் பார்ப்பாரா, ஊசி போடுவாரா?
– வாசகி, தெமோதர

ப: ஒல்லாந்தில் என்றால் கோப்பி குடிப்பார். கேலி இல்லை. யோஸ் டி ப்ளோக் என்ற நர்ஸ் வீடு வீடாகப் போய் வேலை செய்தவர். மேலதிகாரிகள் நிமிடக் கணக்குப் போடத் தொடங்கினார்கள்: குளிப்பாட்ட இத்தனை நிமிடம், காலுறை மாட்ட இத்தனை நிமிடம். ஒரே கிழவியிடம் ஒரு வாரத்தில் எத்தனையோ முகங்கள். மனிதருக்கு வெறுத்துப்போய், 2006இல் நாலு நர்ஸ்மாரோடு தனியாகத் தொடங்கினார். ‘பூர்ட்சோர்க்’ என்று பெயர். அக்கம்பக்கப் பராமரிப்பு என்று பொருள். ஒரு குழுவில் கூடினால் பன்னிரண்டு பேர். அந்தக் குழுவுக்கு மேலாளர் கிடையாது, யார் எப்போது எந்த வீட்டுக்கு என்பதை அவர்களே பேசி முடிவு செய்வார்கள். இன்று அது ஆயிரக்கணக்கான நர்ஸ்மார் வேலை செய்கிற நிறுவனம். அவர்களின் வாக்கு: முதலில் கோப்பி, பிறகு பராமரிப்பு.

கோப்பி குடிக்கும் அந்த நேரத்தில் நர்ஸ் பார்த்துவிடுவார்: கோப்பையைப் பிடிக்கும் கை நடுங்குகிறதா, அடுப்பு பற்றியிருக்கிறதா, நேற்றைய மாத்திரை மேசையிலேயே கிடக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் வந்துபோகிறாரா. எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்விகள் இவை. கோப்பித் தோட்டம் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது நமக்கு. நாம் சாயத்தண்ணியில் தொடங்கலாம், வெல்லத் துண்டோடு.

கே: என் தங்கச்சி பதுளையில் ஜப்பான் பாஷை படிக்கிறாள், ‘கைகோ’ வேலைக்குப் போக. வீட்டில் எங்கள் அப்பாயி விழுந்து கிடக்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– வாசகர், ஹப்புத்தளை

ப: ‘கைகோ’ என்றால் ஜப்பானியத்தில் முதியோர் பராமரிப்பு. அங்கே நூற்றில் இருபத்தொன்பது பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கைகொடுக்க ஆளில்லாமல் 2019இல் நம் அரசோடும் உடன்படிக்கை செய்தார்கள். அதற்கு முன்பே இஸ்ரேலுக்கும் நம் ஆட்கள் பராமரிப்பு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள்.

தங்கச்சியைத் திட்டாதீர்கள். அவள் ஜப்பான் பாட்டியை எப்படித் தூக்கி உட்காரவைப்பது, எப்படி முதுகு வலிக்காமல் திருப்புவது, பல்லில்லாத வாய்க்கு எப்படி ஊட்டுவது என்று முறையாகப் படிக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் அப்பாயியிடம் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாயிக்கு நல்ல கவனிப்பு, தங்கச்சிக்கு நல்ல புள்ளி. ‘ஒஹாயோ’ என்று காலையில் சொன்னால் அப்பாயி ‘யாருடி இவ?’ என்று கேட்பார். அந்தப் பதிலும் பாடத்திட்டத்தில் சேர்த்திதான்.

கே: அப்பாவின் ஈ.பி.எஃப். காசில் த்ரீவீல் வாங்கினேன். இப்போது அவரை கிளினிக்குக் கூட்டிப்போக ஓட்டக்காசு கேட்டால் சண்டை பிடிக்கிறார். நியாயம் சொல்லுங்கள்.
– ஒரு மகன், பிபிலை

ப: மீட்டரைப் போடுங்கள், தம்பி. வருகிற ஓட்டக்காசை வண்டியின் சொந்தக்காரரிடம் கொடுங்கள். அவர் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கே: அம்மாவுக்கு மூன்று கிளினிக், பதினான்கு மாத்திரை. எல்லாம் தேவையா?
– வாசகி, பிபிலை

ப: உங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்த ஒருவர் இந்தக் கேள்வியை நாட்டையே பார்த்துக் கேட்டார். பேராசிரியர் சேனக பிபிலே. 1970களின் தொடக்கத்தில், சந்தையில் இருந்த ஏறக்குறைய 2,100 மருந்து வகைகளை 600 அளவுக்குக் குறைக்கலாம் என்று டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அறிக்கை எழுதினார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். ஒரு நாட்டுக்கே செய்யலாம் என்றால் ஒரு அம்மாவுக்குச் செய்ய முடியாதா?

ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்று கிளினிக் கொப்பியையும் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், பக்கத்து வீட்டு அக்கா தந்த வலிமாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே டொக்டர் முன்னால் கொட்டுங்கள். ஒரு கிளினிக் தந்தது இன்னொரு கிளினிக்குக்குத் தெரியாமலிருப்பது சாதாரணம். தலைசுற்றி விழுவதற்குப் பேய் காரணமில்லை, இரண்டு பிரஷர் மாத்திரை ஒன்றாக விழுங்கியது காரணமாக இருக்கலாம்.

கே: பேய் இல்லை என்கிறீர்கள். போன வாரம் வரை கணக்குப் பார்த்த தாத்தா, மூன்று நாளாக இரவில் எழுந்து செத்துப்போன கங்காணியோடு பேசுகிறார். பூசாரியைக் கூப்பிடட்டுமா?
– வாசகர், கொஸ்லந்தை

ப: கங்காணியிடம் சம்பளப் பாக்கியைக் கேட்டுப் பார்த்தீர்களா?

சிரித்தது போதும், இது அவசரம். வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மறப்பது வேறு. மூன்று நாளில் ஆள் மாறிப்போவது வேறு. திடீரென்று வரும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் உடம்பில் காரணம் இருக்கும்: சலத்தில் கிருமி, நெஞ்சில் சளிக்காய்ச்சல், தண்ணீர் குடிக்காமை, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சீனி இறங்கிப்போவது. முதியவருக்குக் காய்ச்சல் அடிக்காமலேயே கிருமி இருக்கலாம், குழப்பம்தான் முதல் அறிகுறி. இன்றைக்கே ஆஸ்பத்திரி. போகும்போது ‘வயசானால் இப்படித்தான்’ என்று யாராவது சொன்னால், ‘போன வாரம் இப்படியில்லை’ என்ற மூன்று சொல்லை விடாமல் சொல்லுங்கள். பூசாரி பாவம், அவருக்கும் வயதாகிறது, இரவில் அலைக்க வேண்டாம்.

கே: அப்பாவுக்கு 85. இருதய நோய். சாகுமுன் ஒருமுறை கதிர்காமம் போகவேண்டும் என்கிறார். டொக்டர் வேண்டாம் என்கிறார். நடுவில் நான்.
– ஒரு மகள், புத்தல

ப: டெரி ஃபுல்மர் என்று அமெரிக்காவில் ஒரு நர்ஸ். முதியோர்மீது நடக்கும் கொடுமைகளைப் பற்றி முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர். பிறகு ஹார்ட்ஃபோர்ட் அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர். 2017இல் அவரும் கூட்டாளிகளும் ஆஸ்பத்திரிகளுக்கு நாலு விஷயத்தை வகுத்துக் கொடுத்தார்கள்: முதியவருக்கு எது முக்கியம், என்ன மருந்து, மனத் தெளிவு எப்படி, நடமாட்டம் எப்படி. வரிசையைக் கவனியுங்கள். ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்று அது தொடங்கவில்லை. ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்று தொடங்குகிறது.

அப்பா தன் முக்கியத்தைச் சொல்லிவிட்டார். இனி டொக்டரிடம் ‘போகலாமா?’ என்று கேட்காதீர்கள், ‘வேண்டாம்’ என்பது சுலபமான பதில். ‘போவதென்றால் எப்படிப் போவது?’ என்று கேளுங்கள். பாதயாத்திரை வேண்டாம். கொடியேற்றக் கூட்டம் வேண்டாம். சாதாரண நாளில், காலை வெயிலுக்கு முன், வாகனத்தில், மாத்திரையோடு. புத்தலையிலிருந்து கதிர்காமம் எவ்வளவு தூரம் என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? வழியில் யானை நின்றால் வழிவிடுங்கள், அதுவும் ஒரு மூத்தவர்தான்.

கே: வார்ட்டில் மிஸி சிங்களம், எங்கள் அம்மா தமிழ். வலி என்றால்கூட விளங்கவில்லை.
– வாசகர், மொனராகலை

ப: என் தாயார் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே கதை. பெயர் வேண்டாம். கூப்பிடத் தெரியாததால் ஓர் இரவு முழுக்க நனைந்த துணியிலேயே கிடந்தார். காலை வேலைக்கு மாறி வந்த சிங்கள மிஸி ஒருவர் அதைப் பார்த்துத் தானும் அழுதுவிட்டு, ஒரு அட்டையில் படம் வரைந்து கட்டிலில் கட்டினார்: தண்ணீர்க் கோப்பை, கக்கூஸ், வலிக்கிற முகம். அம்மா விரலால் தொட்டுக் காட்டினால் போதும். அடுத்த நாள் பக்கத்துக் கட்டில் சிங்கள ஆச்சியும் அதே அட்டையை இரவல் கேட்டார், பல் செட் இல்லாமல் அவர் பேச்சு சிங்களவருக்கே விளங்கவில்லை.

ஆகவே அட்டை ஒன்று செய்து கொடுங்கள். நீங்களும் நாலு சொல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ‘ரிதெனவா’ என்றால் வலிக்கிறது, ‘வதுர’ என்றால் தண்ணீர். டிக்கட் வெட்டும் நாளில் மட்டும் மொழிபெயர்க்க ஆள் தேடாமல் இருந்துவிடாதீர்கள். மருந்து எப்படிக் குடிப்பது என்று சொல்லும் பத்து நிமிடம் அதுதான், அப்போது கட்டாயம் தேடுங்கள்.

கே: சிறுவர் தினமும் முதியோர் தினமும் இரண்டும் ஒக்டோபர் 1. ஏன்?
– மாணவி, வெலிமடை

ப: பரிசு வாங்கிய பிள்ளைக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா?

கே: எனக்கு வயது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. 57 வெள்ளத்தில் பிறந்ததாக அம்மா சொல்வார். முதியோர் அட்டை கிடைக்குமா? மகன்கள் இருவர் இருந்தும் பார்ப்பதில்லை.
– ஒரு தாய், பதுளைப் பக்கத் தோட்டம் (வேறொருவர் கையெழுத்தில்)

ப: அம்மா, சட்டப்படி 60 ஆனவர் முதியவர். 57 வெள்ளம் என்றால் தாண்டிவிட்டீர்கள். ஆனால் வெள்ளத்தைப் பிறப்புச் சான்றிதழாக எடுக்கமாட்டார்கள். உங்கள் அடையாள அட்டையைப் பாருங்கள். அது இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. கிராம சேவகரிடம் தொடங்குங்கள். குடியுரிமை இழுபறியில் ஒரு தலைமுறையே கடதாசி இல்லாமல் கிழமானது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்தச் சாக்கை யாரும் சொல்ல முடியாது. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்கென்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார், அட்டைக்கு அவரிடம் போங்கள்.

மகன்கள் விஷயம்: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரைப் பார்ப்பதைப் பிள்ளைகளின் கடமை என்கிறது. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத முதியவர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்து மாதப் பணம் கேட்கலாம். அதைச் சொன்னாலே சில மகன்களுக்கு வீட்டுப் பாதை ஞாபகம் வரும். இந்தக் கடிதத்தை எழுதித் தந்தவரை அந்த இரண்டு மகன்களைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

கே: முதியோர் இல்லத்தில் விடுவது பாவமா?
– வாசகர், பண்டாரவளை

ப: வீட்டிலேயே வைத்துப் பேசாமல் விடுவதைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

கே: இரவு எழுந்து கக்கூஸ் போகும்போது அப்பா இரண்டு தரம் விழுந்துவிட்டார். தடி வாங்கிக் கொடுத்தோம். தடியோடு விழுந்தார்.
– வாசகி, எல்ல

ப: லயத்துக் கக்கூஸ் எங்கே இருக்கிறது? வெளியே, படி இறங்கி, சேற்றில். மழை இருட்டில் அங்கே வாலிபனே வழுக்குவான். தடியைக் குற்றம் சொல்லாமல் வழியைப் பாருங்கள்: படியோரத்தில் ஒரு மூங்கில் கைப்பிடி, ஒரு விளக்கு, காலுக்குச் செருப்பு, இரவுக்குக் கட்டில் பக்கத்தில் மூடி போட்ட வாளி. வெட்கப்படுவார். இடுப்பெலும்பு முறிந்தால் படும் வெட்கம் இதைவிடப் பெரிது என்று மெதுவாகச் சொல்லுங்கள். எழுந்தவுடன் நடக்காமல் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்து, தலை தெளிந்த பிறகு நிற்கட்டும்.

கே: நான்தான், அதே லுணுகலை மருமகள். அவசரமாக எழுதுகிறேன். நீங்கள் முன்னதாகத் தபாலில் அனுப்பிய பதில்படி கொப்பி போட்டேன், மாமிக்குச் சிவப்பு மறைந்துவிட்டது. ஆனால் வலப்பக்கம் திரும்பமாட்டேன் என்கிறார். இடப்பக்கம் பார்த்தால் டிவி தெரிகிறதாம், வலப்பக்கம் சுவர்தானாம்.

ப: மாமியின் மனத்துக்கு முழுசாக 4 புள்ளி போடுங்கள். பிறகு நாடகம் ஓடும்போது இடப்பக்கம், செய்தி தொடங்கினால் வலப்பக்கம். நாட்டு நடப்புக்குச் சுவரே தேவலை என்று அவரே திரும்பிவிடுவார்.